ஐந்து நிமிடத்தில் 0.31 கிராம்

அப்பா கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் 34 வருடம் கணக்கெழுதியவர். தங்கம் நிறுக்கிற இடத்தில் காலம் கழித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் மனதுக்குள் ஒரு எடை சொல்லிக்கொள்வார்கள். தராசில் வைக்கும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார்கள். வேலையை விட்டு வந்தபோது அவர் கூடவே கொண்டு வந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்தராசு. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அலுமாரியில் சும்மா கிடந்த அந்தத் தராசில் போன வருடம் நாங்கள் நிறுத்தது அப்பாவின் உமிழ்நீரை.

கதிர் சிகிச்சையால் வாய் வற்றிப்போனவர்களுக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகளின் மேல் மெல்லிய லேசர் வெளிச்சத்தைப் பிடிக்கிற சிகிச்சை ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு அதைச் செய்தோம். அதற்கு முன் தமிழில் எவ்வளவோ தேடினேன், உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருந்தவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் நானும் தேடிக்கொண்டிருந்த கேள்விகள்தான். ஆகவே பார்த்ததையும் வாசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு நாக்கின் இடது ஓரத்தில் புற்றுநோய் வந்தது. வெற்றிலைதான். கடையில் எல்லோரும் போட்டார்கள், அவரும் போட்டார். பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று சொல்கிறவர்களை இன்றைக்கும் சந்திக்கிறேன். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. வேறு விஷயம் எழுத வந்த இடத்திலும் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். காயம் ஆறியதும் மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை. 30 நாள், நாளுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 60 கிரே. கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு கிழமை. வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனை மட்டும் ஓட்டோ, அங்கிருந்து 138 பஸ். முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலை போன்ற வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டி, தலை அசையாமல் மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். உள்ளே இருப்பது சில நிமிடம்தான். முதல் கிழமை முடிந்த வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் அப்பா என் கையைத் தட்டி, "பிள்ளை, தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு" என்றார். வெயில் என்று நினைத்தேன். போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் போத்தல் பிறகு அவர் கையை விட்டுப் போகவே இல்லை.

ஏன் அவ்வளவு சீக்கிரம் வற்றியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று சோடி. காதுக்கு முன்னால் ஒன்று, கூகைக்கட்டு வந்தால் வீங்குமே, அந்த இடம். தாடைக்குக் கீழே ஒன்று. நாக்குக்கு அடியில் ஒன்று. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் என்று வாய் முழுக்க நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை ஊற வைக்கின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் வாயை நனைத்து வைப்பது பெரும்பாலும் தாடைக்கீழ்ச் சுரப்பி. மெல்லும்போது மடை திறப்பது காதடிச் சுரப்பி. கதிர்வீச்சு பொதுவாக வேகமாகப் பெருகும் கலங்களைத்தான் முதலில் தாக்கும். உமிழ்நீர் சுரக்கும் கலங்கள் மெதுவாகப் பெருகுகிறவை. அப்படியிருந்தும் முதல் கிழமையிலேயே துவண்டுவிடுகின்றன. அந்த ஒரு கிழமையிலேயே சுரப்பு பாதிக்கு மேல் குறைந்துபோவது சாதாரணமாக நடப்பதுதான். காதடிச் சுரப்பியில் படும் கதிரின் அளவைக் குறைத்துக்கொண்டு சிகிச்சை செய்யும் முறைகள் இப்போது இருக்கின்றன, அதனால் நிறையப் பேர் தப்புகிறார்கள். ஆனால் கட்டி இருக்கும் இடத்தையும் கழுத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டி வந்தால் எல்லாச் சுரப்பியையும் ஒதுக்க முடியாது.

வாய் வறட்சி என்று சொன்னால் தண்ணீர் குடித்தால் சரிதானே என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கவே பொறுக்காது. தண்ணீர் ஒரு நிமிடத்துக்குத்தான். உமிழ்நீரில் 99 வீதம் தண்ணீர்தான், உண்மை. வேலை செய்வது மிச்சம் ஒரு வீதம். வழவழப்பைக் கொடுப்பது அது. அமிலத்தை முறிப்பது அது. பல்லில் கரைந்துபோன கல்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது அது. பூஞ்சையை அண்ட விடாமல் வைத்திருப்பதும் அதுதான். ருசிகூட உமிழ்நீரில் கரைந்தால்தான் நாக்குக்குத் தெரியும்.

அப்பா இரவில் நான்கு தடவை எழும்புவார். விடிய எழும்பும்போது நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் பிரித்துவிட்டுத்தான் பேசுவார். புட்டு அவருக்கு உயிர். உதிரிப் புட்டு வாய்க்குள் மணல் மாதிரி நிற்கிறது என்று தட்டைத் தள்ளி வைத்தார். பாண் தொண்டையில் அடைத்தது. அம்மா எல்லாவற்றையும் சொதியில் குழைத்துக் கொடுத்தா. வாழ்நாள் முழுக்கச் செம்பைத் தூக்கி அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்த மனிதர், இப்போது போத்தலில் வாயை வைத்து மிடறு மிடறாகச் சப்பிக் குடித்தார். எங்கள் வீடுகளில் எச்சில் பண்ணிக் குடிப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் வந்தால் போத்தலைக் கதிரைக்குப் பின்னால் வைப்பார். இன்னொன்று, கடைக் கணக்காளர் ஆயிற்றே, காசு எண்ணும்போது பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அதுவும் நின்றது. ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஒரு பல் வைத்தியரிடம் போனோம். கதிர் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடத்தில் பற்களின் அடியில், ஈறு ஒட்டுகிற இடத்தில், சூத்தை விழத் தொடங்கிவிட்டது. கதிர் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்குவது சாதாரண விஷயம் இல்லை, எலும்பு ஆறாமல் போகலாம். கதிர் சிகிச்சை எடுத்தவர்கள் எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எங்கள் வைத்தியர் அம்மா பேராதனையில் படித்தவர், சிங்களவர், அப்பாவோடு பொறுமையாகக் கதைப்பார். அவர் வெளிச்சத்தைப் பற்றி முதல் நாளே பேசவில்லை. முதலில் மருந்துப் பட்டியலைக் கேட்டார். நரம்பு வலிக்கென்று இரவில் போட்டுக்கொண்டிருந்த அமிட்ரிப்டிலினில் விரல் நின்றது. அதுவும் வாயை வறட்டும். ஒவ்வாமை மாத்திரை, மன அழுத்த மாத்திரை என்று வாயைக் காய வைக்கிற மருந்துகள் ஏராளம். எழுதிக் கொடுத்த வைத்தியரிடமே போய்க் கேட்டு, படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாறினோம். அப்புறம் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா பொக்கற்றில் இருந்து தேசிக்காய்த் துண்டை எடுத்துக் காட்டினார். புளி பட்டால் கொஞ்சம் ஊறுகிறதே என்று அவர் கண்டுபிடித்த வழி அது. வைத்தியர் பதறிப்போனார். அமிலத்தை முறிக்க உமிழ்நீர் இல்லாத வாயில் தேசிக்காய் பல்லைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாகச் சீனி இல்லாத சூயிங்கம், இரவில் புளோரைட் ஜெல். இவை இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன.

சுரப்பியைத் தூண்டுவதற்கு மருந்தே இருக்கிறது, பைலோகார்பின். வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை. பிரேசில் நாட்டுச் செடி ஒன்றிலிருந்து வந்தது. உமிழ்நீரோடு சேர்த்து வியர்வையையும் கொட்ட வைக்கும். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா). கட்டுப்பாட்டில் இல்லாத தொய்வுக்காரருக்கு அந்த மருந்து ஆகாது. அப்படி ஒரு கதவு மூடியபோதுதான் வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

இதற்கிடையில் வேறொரு இடத்திலும் விசாரித்தேன். பெயர் வேண்டாம். "பத்துத் தடவை பிடித்தால் பழையபடி ஊறும்" என்றார்கள். ஒளியின் அலைநீளம் எத்தனை நானோமீற்றர் என்று கேட்டேன். "நல்ல பவரான மிஷின் மிஸ்" என்று பதில் வந்தது. புற்றுநோய் இருந்ததா, எந்த இடத்தில், எப்போது முடிந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. காசை மட்டும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். ஏற்கனவே களைத்துப்போன சனத்திடம் இப்படிப் பேசுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

எங்கள் பல் வைத்தியர் அப்படிப் பேசவில்லை. "இது உதவலாம், உதவாமலும் போகலாம்" என்றுதான் தொடங்கினார். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், ஒரு சொல்லைப் பிடித்தால் அடியைத் தேடாமல் விட மாட்டேன். அன்றிரவே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன்.

ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரத்தில், எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர் 1967இல் எலிகளின் முதுகு மயிரை மழித்து, மெல்லிய சிவப்பு லேசர் ஒளியைப் பிடித்துப் பார்த்தார். லேசர் கண்டுபிடித்து ஏழே வருடம். அதனால் கெடுதி வருமா என்ற பயம் இருந்த காலம். எலிகளுக்குப் புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரம் முளைத்தது. இந்தத் துறை அங்கே தொடங்குகிறது. சுடாத, வெட்டாத, மிகக் குறைந்த வலுவுள்ள ஒளி கலங்களை ஏதோ செய்கிறது என்று தெரிந்தது.

என்ன செய்கிறது? பெரும்பாலானோர் சொல்லும் விளக்கம் இது. கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகள் இருக்கின்றன. அவற்றில் சைட்டோகுரோம் சி ஒக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு ஒளியையும் அதற்கு அப்பால் உள்ள அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சும். சேதப்பட்ட கலத்தில் அந்த நொதியை நைத்திரிக் ஒக்சைட்டு என்ற மூலக்கூறு பிடித்து அடைத்துக்கொண்டிருக்கும். ஒளி பட்டதும் அது கழன்று போகிறது, கலம் கூடுதல் சக்தி எடுக்கிறது, அக்கம்பக்கத்தில் இரத்த ஓட்டமும் கூடுகிறது. அப்பாவுக்கு இதை விளக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செத்துப்போன கலத்துக்கு?" ஒன்றும் செய்யாது. உயிரோடு களைத்துக் கிடப்பவற்றைத்தான் தட்டி எழுப்பலாம். அவருக்குள் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப நிறுத்துத்தான் பார்க்கவேணும்" என்றார். தராசு வெளியே வந்தது அப்படித்தான்.

நிறுக்கிற முறையைப் பல் வைத்தியர் சொல்லித் தந்தார், அப்பா அதைக் கடைக் கணக்கு மாதிரி ஆக்கிவிட்டார். காலை சரியாக ஒன்பது மணி. அதற்கு முன் ஒன்றரை மணித்தியாலம் சாப்பாடு, தேத்தண்ணி, பல் தீட்டுவது ஒன்றும் இல்லை. உமிழ்நீர் நேரத்துக்கு நேரம் மாறும், நித்திரையில் மிகக் குறைவு, பின்னேரம் கூட. ஆகவே ஒரே நேரத்தில்தான் அளக்க வேண்டும். கதிரையில் முன்பக்கம் சாய்ந்து இருப்பார். வாயில் உள்ளதை ஒரு தடவை விழுங்குவார். பிறகு ஐந்து நிமிடம் பேச்சில்லை, மெல்லுவதில்லை, நாக்கை அசைப்பதுமில்லை. கீழே சேர்வது தானாகக் கிண்ணத்தில் வடிய வேண்டும். கிண்ணம் முதலில் வெறுமையாக நிறுத்து எழுதப்பட்டிருக்கும். ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மில்லிலீற்றர், ஆகவே வேறு கணக்கு வேண்டாம்.

முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். நான்கு நிமிடம் வரை ஒன்றுமே விழவில்லை. கீழுதட்டில் ஒரு நூல் தொங்கியது. மெல்லிய வெள்ளை, பசை மாதிரித் தடிப்பு. அது அறுந்து விழாமல் தொங்கிக்கொண்டே நின்றது. அப்பாவின் கண் தராசில் இருந்தது, என் கண் அந்த நூலில். கடைசியில் கிண்ணத்தின் விளிம்பில் அவரே உதட்டைத் தொட்டு இறக்கினார். தராசு 0.29 காட்டியது. கடையில் இழைத்த தங்கத் தூளைக்கூட இதைவிடக் கூடுதலாகக் கூட்டி அள்ளுவோம் என்றார். ஆறு நாள் தொடர்ந்து நிறுத்தோம். குறைந்தது 0.27, கூடியது 0.36, சராசரி 0.31. சுகமாக இருப்பவருக்கு இதே ஐந்து நிமிடத்தில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரும். நிமிடத்துக்கு 0.1 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் சுரப்புக் குறைவு என்று வைத்தியர்கள் எழுதுவார்கள், அப்பாவுடையது 0.06.

இதற்குப் பிறகு மகரகமவில் அவரைப் பார்க்கிற வைத்தியரிடம் போய் அனுமதி கேட்டோம். இந்தப் படியைத் தாண்டக் கூடாது. களைத்த கலத்தைத் தட்டி எழுப்பும் ஒளி, எங்காவது மறைந்திருக்கும் புற்றுநோய்க் கலத்தையும் எழுப்பிவிடுமோ என்ற சந்தேகம் நியாயமானது. அப்பாவைப் பரிசோதித்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, நோய் திரும்பவில்லை என்று எழுதித் தந்தார்கள். அதற்குப் பிறகும் பல் வைத்தியர் நாக்குக்கு அடியில் இடது பக்கத்தை விட்டுவிட்டார். பழைய கட்டி இருந்த இடத்துக்குக் கிட்ட, வேண்டாம் என்றார்.

போன மாசியில் தொடங்கினோம். கிழமைக்கு இரண்டு நாள், ஆறு கிழமை, மொத்தம் பன்னிரண்டு தடவை. அறைக்குள் போனதும் எல்லோருக்கும் கண்ணாடி. அப்பாவுக்கு, எனக்கு, வைத்தியருக்கு, உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கு. கருவி தடித்த பேனை மாதிரி, நுனியில் சின்னக் கண்ணாடித் துண்டு. காதுக்கு முன்னும் கீழுமாக ஒரு பக்கத்துக்கு நான்கு புள்ளி, தாடைக்குக் கீழே இரண்டு, பிறகு வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் வலது பக்கம் ஒன்று. ஆக 13 புள்ளி. தோலில் அழுத்திப் பிடித்து 30 விநாடி, ஒரு பீப் சத்தம், அடுத்த புள்ளி. ஆறரை நிமிடத்தில் முடிந்துவிடும். சூடு இல்லை, வலி இல்லை. அப்பாவுக்குக் கதிர் பட்ட கன்னத்தில் தாடி முளைப்பதே இல்லை. முளைக்கிற இடத்தையும் வழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள், மயிர் ஒளியைக் குடித்துவிடும் என்று.

முதல் நாள் அப்பா, "ஒன்றும் எரியவில்லையே, சுவிச் போட்டாச்சா?" என்று கேட்டார். 810 நானோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்தப் பெண் மேசையில் கிடந்த ஏசி ரிமோட்டை எடுத்து, போன் கமராவுக்கு முன் பிடித்துப் பொத்தானை அழுத்திக் காட்டினாள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் இல்லை. போன் திரையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மின்னியது. லேசரை அப்படிப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னாள். அப்பாவுக்குத் திருப்தி.

ஏன் கண்ணுக்குத் தெரியாத ஒளி? 2022இல் கொழும்பில் மணிக்கணக்காகக் கரண்ட் போன இரவுகளில் போன் டோர்ச்சின் மேல் விரலை வைத்துப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஒளி விரலைத் தாண்டி வரும்போது சிவப்பாகத்தான் வரும். நீலமும் பச்சையும் இரத்தத்திலும் தோலிலும் நின்றுபோகின்றன. சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். எங்களைப் போலக் கறுத்த தோலில் கருநிறப் பொருள் ஒளியை உறிஞ்சும், அலை குறுகக் குறுக அந்த உறிஞ்சல் கூடும். சுரப்பி தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே இருப்பதால் நீண்ட அலைதான் போய்ச் சேரும். வலு 100 மில்லிவாற்று, 30 விநாடி, ஆக ஒரு புள்ளிக்கு 3 ஜூல். இந்த எண்களை வைத்தியர் கேட்காமலே எழுதித் தந்தார். இதில் கூடப் பிடித்தால் கூடப் பலன் என்ற கணக்கு இல்லை. அளவு தாண்டினால் பலன் குறைந்து, சில வேளை எதிர்ப்பக்கமும் போகும். "நல்ல பவர்" என்ற பதில் என்னை ஏன் அப்படிக் கோபப்படுத்தியது என்று இப்போது விளங்கும்.

எங்களிடம் அப்போது ஒரு தடவைக்கு 3500 ரூபாய் வாங்கினார்கள். கட்டுப்படியாகாதவர்கள் எத்தனையோ பேர். மகரகம வரிசையில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு ஆச்சி, தாதியிடம் தன் வருத்தத்தைச் சொல்லத் தெரியாமல் கையால் வாயைக் காட்டிக் காட்டி நின்றா. நான் எழும்பிப் போய் "கட்ட வேலெனவா" என்று சொல்லிக் கொடுத்தேன். வாய் காய்கிறது என்பதற்குச் சிங்களத்தில் இரண்டே சொல். தாதி உடனே விளங்கிக்கொண்டு அவவை உள்ளே கூட்டிப்போனா. ஆச்சி திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள், இந்தச் சொல்லு தெரியாம மூணு மாசம் சோறு இறங்காமக் கிடந்தன்" என்றா. வெளிச்சத்துக்குப் போக அவவிடம் காசில்லை. சூயிங்கம், புளோரைட், சொதி, இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர், தேசிக்காய் வேண்டாம், இவ்வளவையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு தடவை முடிந்ததும் மறுபடி ஆறு நாள் நிறுத்தோம். குறைந்தது 0.49, கூடியது 0.66, சராசரி 0.58. அப்பா பழைய பேரேட்டின் மிச்சப் பக்கத்தில் இதை எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். சுகமாக இருப்பவரின் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த 0.27 கிராம் வித்தியாசத்தில் இரவு எழும்புவது நான்கிலிருந்து இரண்டானது. நூல் மாதிரித் தொங்கியது இப்போது சொட்டாக விழுகிறது. புட்டுக்கு இன்னும் சொதி வேண்டும், ஆனால் குழைத்துக் கஞ்சியாக்க வேண்டியதில்லை. மணி மணியாகத் தெரிகிற அளவுக்கு நனைத்தால் போதும். ஒரு பின்னேரம் கிறீம் கிறேக்கர் ஒன்றைத் தண்ணீர் இல்லாமல் பாதி வரை சாப்பிட்டார். மிச்சப் பாதியை எங்களுக்குக் காட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அம்மா அன்றைக்கு மயூரபதி கோயிலில் அர்ச்சனை செய்தா.

இதெல்லாம் வெளிச்சத்தால்தான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. கதிர் சிகிச்சைக்குப் பிறகு முதல் இரண்டு வருடத்தில் சுரப்பிகள் தாமாகவும் கொஞ்சம் மீளும். அப்பா அந்தக் காலத்தைத் தாண்டிய பிறகுதான் தொடங்கினோம் என்றாலும், சூயிங்கம் மெல்லுவதும் தொடர்ந்து நடந்தது. அமிட்ரிப்டிலினை விட்டது அளவெடுக்க இரண்டு மாதத்துக்கு முன்பே, ஆகவே அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் மற்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வாய் வறட்சி வழிகாட்டியை முழுக்க வாசித்தேன். கதிர் சிகிச்சை நடக்கும்போது சுரப்பியைக் காப்பாற்ற இந்த ஒளியைப் பிடிக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்குச் சான்று போதாது என்று அதில் இருக்கிறது. அதேநேரம், கதிர் சிகிச்சையின்போது வரும் கடுமையான வாய்ப்புண்ணைத் தடுக்க இதே வகை ஒளியைச் சர்வதேச வழிகாட்டிகள் தெளிவாகவே பரிந்துரைக்கின்றன. புண்ணுக்குச் சான்று திரண்டுவிட்டது, உமிழ்நீருக்கு இன்னும் திரளவில்லை. ஆய்வுக்கு ஆய்வு அலைநீளம் வேறு, அளவு வேறு, நாட்கள் வேறு. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து நிறுக்க முடியாமல் கிடக்கின்றன. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எல்லாரும் வேற வேற தராசு" என்றார்.

சோக்ரன் வருத்தம் உள்ளவர்கள் சிலரும் என்னிடம் கேட்டார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது, பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. 1933இல் அதை விரிவாக எழுதிய சுவீடன் நாட்டுக் கண் வைத்தியரின் பெயரைக் கொண்டது. அங்கே சுரப்பிக்குள் அழற்சி ஓயாமல் நடந்துகொண்டிருப்பதால் கதை வேறு. முதலில் மூட்டு வாத வைத்தியரைப் பாருங்கள். அப்பாவின் எண்களை வைத்து உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லக் கூடாது.

என்னிடம் யாரும் செய்யலாமா என்று கேட்டால், ஒன்றைத்தான் கேட்கச் சொல்வேன்: போகும் இடத்தில், தொடங்க முன்னும் முடிந்த பின்னும் அளந்து தருவீர்களா என்று. அளக்கத் தயாரில்லாத இடத்தில் காசைக் கட்டாதீர்கள். தராசு இல்லையென்றால் ஒரு 1 மில்லிலீற்றர் ஊசிக்குழாய் போதும், பாமசியில் கிடைக்கும். ஒரே நாள் அளந்து முடிவுக்கு வராதீர்கள், ஆறு நாளாவது வேண்டும்; அப்பாவின் எண்களே ஒரு கிழமைக்குள் எவ்வளவு ஆடின என்று பார்த்தீர்கள்.

மூன்று மாதம் கழித்து நிறுத்தபோது 0.47க்கு இறங்கியிருந்தது. அப்பா அன்று முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. பின்னேரம் கடற்கரைப் பக்கம் ரயில் பாதையோரம் நடக்கப் போனோம்; திரும்பி வரும்போது, "ஏறினது முழுக்க இறங்கேல்லைத்தானே" என்றார், எனக்குச் சொல்வது மாதிரித் தனக்குச் சொல்லிக்கொண்டார். வைத்தியர் இன்னும் ஆறு தடவை செய்து பார்க்கலாம் என்றார், கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். மகரகமவில் மறுபடி கழுத்தைக் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொண்டு போனோம். அது முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. இந்த முறை வியாழக்கிழமை நிறுக்கத் தொடங்கினார். கிண்ணத்தின் வெறும் எடையை அதற்கு முதல் நாளே இரண்டு தடவை சரி பார்த்து எழுதி வைத்திருந்தார்.

இன்று மூன்றாம் நாள். காலை ஒன்பது ஐந்துக்குத் தராசு 0.52 காட்டியது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.